எதிரி பெயர் இல்லாத பிராது

கை தவறி ஒரு தட்டையாவது கீழே போட மாட்டாளா இவள். எவர்சில்வர் தட்டுதானே, உடையவா போகிறது. நெளிந்தால் நெளியட்டும். அது தரையில் விழுந்து உருளும்போது ‘ஐயோ’ என்று ஒரு சொல் அவளையும் மீறி வந்துவிடாதா.

ஞாயிற்றுக்கிழமை மதியம். அனுசியா கூடத்தில் பாயை விரித்து, தூங்குகிறவளைப் போலக் கண்ணை மூடிக் கிடந்தாள். பின்பக்கம் மகள் கனிஷ்கா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். தண்ணீர் சாக்கடையில் இறங்கும் சத்தத்தை வைத்துத்தான் அங்கே ஆள் இருப்பது தெரிந்தது. முதலில் பேசுவதை மட்டும்தான் நிறுத்தியிருக்கிறாள் என்று நினைத்தார்கள். பிறகு ஒவ்வொரு சத்தமாக அவளை விட்டுப் போனது. கதவைச் சாத்தும்போது தாழ்ப்பாள் இடிக்காதபடி விரலைக் கொடுத்துச் சாத்தினாள். தும்மல் வந்தால் துப்பட்டாவை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டாள். வீட்டுக்குள் இருந்துகொண்டே இல்லாமல் இருப்பதற்கு ஒரு பயிற்சி எடுத்துக்கொண்டிருப்பதைப் போலிருந்தது அவள் நடமாட்டம்.

அப்படிப்பட்ட பிள்ளையா இது? பள்ளிக்கூடத்தில் காலைக் கூட்டத்தில் செய்தி வாசிப்பது அவள்தான். பேச்சுப்போட்டிக்குக் கடலூர் வரை போய்வந்தவள். பாடத்தை வாய்விட்டுத்தான் படிப்பாள், அதுவும் தெருவுக்கே கேட்கும்படி. “உம் மவ படிக்கறத கேட்டு கேட்டே நானும் பன்னண்டாவது பாஸாயிடுவேன் போல” என்று எதிர்வீட்டு அமிர்தம் வாசல் தெளிக்கும்போதெல்லாம் சிரிப்பாள். குழந்தையிலிருந்தே லேசான இளைப்பு உண்டு கனிஷ்காவுக்கு. நீளமான வாக்கியத்துக்கு நடுவில் சின்னதாக ஒரு மூச்சை இழுத்துக்கொண்டு, விட்ட இடத்தில் பிடித்துக்கொள்வாள். அந்த இழுப்புகூட மேடையில் அழகாக இருந்ததாக ஒரு டீச்சர் சொன்னார்.

பொங்கல் கழிந்து கொஞ்ச நாளில் அந்த வீடியோ வந்தது. பள்ளிச் சீருடை, ரிப்பன் வைத்து மடித்துக் கட்டிய இரட்டைச் சடை, முகத்தில் பாதிக்குக் கண். பொம்மைப்படம்தான். ‘வாயாடி வனஜா’ என்று பெயர். அது கண்ணைச் சிமிட்டிக்கொண்டு ஊர்வம்பு பேசியது. எந்த வாத்தியார் எந்த டீச்சரைப் பார்க்கிறார், பஸ் ஸ்டாண்டில் நிற்கிற பையன்களில் யாருக்கு என்ன, கடைத்தெருவில் எவள் எதற்குப் போகிறாள். வயதுக்கு வந்த பிள்ளை வாயில் வரக்கூடாத பேச்செல்லாம் அதன் வாயில் வந்தது. குரல் கனிஷ்காவுடையது. ஊரில் அவள் குரலைத் தெரியாதவர்கள் குறைவு. மறுநாளே பஸ்ஸில் பையன்கள் “வனஜா, வனஜா” என்று கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டு விசாரித்தார்கள். காலைச் செய்தியை வேறொரு பிள்ளை வாசிக்க ஆரம்பித்தது.

அனுசியாவும் கேட்டாள். அதுதான் இன்றுவரை நெஞ்சில் கிடக்கிறது. ஊரெல்லாம் ‘உன் மகள்தான்’ என்றபோது, போனைக் காதோடு வைத்துக் கேட்டுவிட்டு, பெற்றவளுக்குத் தெரியாதா தன் பிள்ளை குரல் என்ற திமிரோடு, “ஏன்டி இப்படி பேசின?” என்று கேட்டாள். “நான் பேசலம்மா” என்றாள் கனிஷ்கா. அனுசியா திரும்பவும் அதையே கேட்டாள். “நான் பேசலம்மா.” அதற்கப்புறம் அவள் எதுவுமே பேசவில்லை. பரீட்சையை எழுதினாள். செய்முறைத் தேர்வில் வெளியிலிருந்து வந்தவர் வாயால் கேட்ட கேள்விக்கு மட்டும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாளாம். தொண்டையில் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பிள்ளை பொய் சொல்லவில்லை என்று அனுசியாவுக்குப் புரியவைத்தவள் அன்பரசி. தொழிற்பேட்டையில் இருக்கிற பீங்கான் கம்பெனி ஒன்றில் இருவருக்கும் பினிஷிங் வேலை. அச்சிலிருந்து எடுத்த பியூஸ் கட்டைகளின் பிசிறைச் சுரண்டி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, சூளைக்கு அனுப்ப வேண்டும். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அன்பரசி போனை நீட்டி, “எக்கா, இதுல எதாச்சும் பேசு, இன்னிக்கி என்ன கொழம்புன்னாவது சொல்லு” என்றாள். அனுசியா கத்திரிக்காய் குழம்பைப் பற்றிச் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் போனில் ஒரு பூனை வந்து, இடுப்பில் கைவைத்துக்கொண்டு, அனுசியாவின் குரலில், “சூப்பரைசரு ஒரு சோம்பேறிடி” என்றது. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். “காசே இல்லக்கா, எல்லாம் ப்ரீ. படமும் அதுவே வரையும், வாயும் அதுவே அசைக்கும்.” அனுசியாவுக்குக் கையில் பிசைந்த சோறு இறங்கவில்லை. தான் சொல்லாத சொல் தன் தொண்டையில் ஏறி உட்கார்ந்துகொண்டது போலிருந்தது. நான் பேசலம்மா, நான் பேசலம்மா.

போலீசுக்குப் போக அவள் புருஷன் கொளஞ்சிநாதன் சம்மதிக்கவில்லை. “பொம்பள புள்ள பேரு. போனா இன்னும் நாலு பேருக்கு தெரியும்” என்றான். அதனால் அவள் மணவாளநல்லூருக்குப் போய் கொளஞ்சியப்பர் சாமியிடம் நியாயம் கேட்டுப் பிராது கட்டினாள். கோயிலில் எழுதித் தருகிறவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, “எதிரி பேரு என்னாம்மா?” என்று கேட்டார்.

“தெரியலிங்க.”

“ஊரு?”

“அதும் தெரியாதுங்க. போன்ல இருக்கான்.”

அவர் பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். திருட்டு, கடன், வரப்புத் தகராறு, ஓடிப்போன புருஷன் என்று எவ்வளவோ எழுதியிருப்பார். “சரி, சாமிக்கு தெரியும்” என்று சொல்லி, ‘எம் மகள் கனிஷ்கா குரலை எடுத்தவன்’ என்று எழுதினார். சாமி பாதத்தில் வைத்து எடுத்த காகிதத்தை மடித்து நூல் சுற்றி, முனியப்பர் முன்னாலிருக்கும் வேலில் அனுசியா தன் கையாலேயே கட்டினாள். அங்கே ஏற்கெனவே அத்தனை பிராதுகள், காற்றில் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன.

வாசலில் செருப்பு கழற்றும் சத்தம் கேட்டது. அனுசியா எழுந்து உட்கார்ந்தாள். தனக்கோடி, கொளஞ்சிநாதனின் அக்கா. கருவேப்பிலங்குறிச்சிக்காரி. ஆனால் இப்போது பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறாள். அவளுடைய ஒரே மகன் மணிபாரதி, வேப்பூர் ஹைவேயில் லாரி இடித்துக் காலில் அடிபட்டு அங்கேதான் கிடக்கிறான். கொளஞ்சிநாதனும் துணைக்கு அங்கேதான் இருக்கிறான். காலையில் போன் பண்ணி, “அக்கா வரும், அது சொல்றத செய்” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்திருந்தான்.

“தூங்கினியா அனுசு?”

“இல்லிங்கண்ணி. வாங்க, ஒக்காருங்க. பஸ்ஸுல எடம் கெடைச்சிதா?”

“எங்க. நெய்வேலி வரிக்கும் நின்னுகிட்டே வந்தேன். ஒரு எளவட்டமாவது எழுந்திரிக்கணுமே. எல்லாம் போன பாத்துகிட்டு சிரிக்குதுங்க.” தனக்கோடி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரி வாசனை அவள் புடவையிலிருந்து வந்தது. மஞ்சள் பையிலிருந்து வாழைப்பழத்தை எடுத்துப் பாயில் வைத்தாள். “புள்ள எங்க?”

“பின்னாடி.”

“இன்னும் பேசலியா?”

அனுசியா தலையை மட்டும் அசைத்தாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். தனக்கோடி அண்ணாந்து குடித்துவிட்டுச் செம்பை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

“மணிக்கு எப்படிங்கண்ணி இருக்குது?”

“சீழ் ஏறிகிட்டே போவுதாம். நாளைக்கி காலைல தியேட்டருக்கு கொண்டு போறாங்க. தொறந்து பாத்துதான் சொல்லுவாங்களாம். முட்டிக்கி கீழ எடுக்க வேண்டி வந்தாலும் வரும்னு கையெழுத்து வாங்கிட்டாங்க.” அழவில்லை. அழுது முடித்திருந்த குரல். “நீ சாமிகிட்ட பிராது கட்டியிருக்கியாமே. தம்பிதான் பேச்சு வாக்குல சொன்னான்.”

“ஆமாங்கண்ணி.”

“யாரு மேல?”

“பேரு தெரியலிங்க. எதிரி பேரு இல்லாமத்தான் கட்டினேன்.”

“மணிபாரதி” என்றாள் தனக்கோடி. “அதான் பேரு.”

மின்விசிறி ஒரே சீராகச் சுற்றிக்கொண்டிருந்தது. அனுசியாவுக்கு முதலில் கோபம் வரவில்லை. போன வாரம் அதே கோயிலுக்குப் போய், அதே சாமி முன்னால், மணிபாரதி காலுக்காகக் கற்பூரம் ஏற்றிவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது. ஒருவனைத் தண்டிக்கச் சொன்னதும் அவள்தான், அவனையே காப்பாற்றச் சொன்னதும் அவள்தான். சாமிக்கு எப்படி இருந்திருக்கும் என்று தோன்றியது.

“நீ பிராது கட்டினத அவன்கிட்ட சும்மாதான் சொன்னேன். எவனோ நாசமா போறவன், நம்ம புள்ளய இந்த கதிக்கு ஆளாக்கிட்டான்னு. மூஞ்ச அந்த பக்கம் திருப்பிகிட்டு கேவி கேவி அழுவுறான். என்னாடான்னா, நான்தாம்மாங்கிறான்.” தனக்கோடி செம்பைத் திருகிக்கொண்டிருந்தாள். “டிப்ளமோ முடிச்சிட்டு வூட்டுல குந்திகிட்டு இருந்தான்ல. சின்ன புள்ளைங்களுக்கு அணில் கத சொல்ற மாதிரி படம் போடறேன்னான். அத ஒரு நாயி பாக்கல. அப்பறம் வெளையாட்டா இத போட்டிருக்கான். ஆயிரக்கணக்குல பாத்துட்டாங்களாம். புத்தி கெட்டு போச்சி. யாருக்கு தெரிய போவுதுன்னு நெனச்சிட்டான்.”

“அவ குரலு எப்படி...”

“அவதானே பேசிக் குடுத்தா? காலாண்டு லீவுக்கு எங்க வூட்டுக்கு வந்தப்ப. ரெண்டு பேரும் ரூம்புல குந்திகிட்டு அணில் மாதிரி பேசறன்னு ஒரே சிரிப்பு. நான்கூட திட்டினேன்.”

அப்படியானால் கனிஷ்காவுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். ஊர் சிரித்தபோதும், பள்ளிக்கூடத்தில் நிற்கவைத்துக் கேட்டபோதும், அம்மா போனைக் காதில் வைத்துக்கொண்டு கேட்டபோதும், பெயர் அவள் நாக்கு நுனியில் இருந்திருக்கிறது. சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அப்பாவுக்கு அக்கா இல்லாமல் போயிருக்கும் என்று நினைத்தாளா. தானே விரும்பிக் கொடுத்த குரல்தானே என்று தன்னையே குற்றவாளியாக்கிக்கொண்டாளா. இல்லை, ‘யாரு செஞ்சது’ என்று யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தாளா. யாரும் அதைக் கேட்கவில்லை. எல்லோரும் ஏன் பேசினாய் என்றுதான் கேட்டார்கள்.

“அனுசு, என்னய என்னா வேணா சொல்லு. அவன செருப்பால அடி. ஆனா கால் போயிட்டா அவன் என்னா பண்ணுவான்? நாலு மணிக்கு நட தொறந்துடும். இன்னிக்கே போயி பிராத வாபஸ் வாங்கிடு. நாளைக்கி தியேட்டருக்கு போவறதுக்குள்ள.” தனக்கோடி கையெடுத்துக் கும்பிட்டாள். வயதில் மூத்தவள், நாத்தனார், கும்பிடக் கூடாது. அனுசியா பதறி அந்தக் கைகளைப் பிடித்து இறக்கினாள்.

இந்தக் கைகளை அவளுக்குத் தெரியும். டைபாய்டு வந்து அனுசியா எழுந்திருக்க முடியாமல் கிடந்தபோது, பால் மறக்காத கனிஷ்காவைத் தூக்கிப்போய் வைத்திருந்தவள் தனக்கோடி. மணிபாரதி அப்போது சின்னப் பையன், குழந்தையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு கோணிக்கொண்டே தெருவெல்லாம் நடப்பான். அந்தக் கால்தானே. கொடுத்த பிராதைத் திரும்ப வாங்குவதற்கு ஒரு நடை. போய்விட்டு வந்தால் ஒரு பையனுக்குக் கால் நிற்கும் என்றால், நிற்காவிட்டாலும் இவளுக்கு ஒரு நிம்மதி என்றால். குரல்தான் திரும்பப் போவதில்லை, காலாவது இருக்கட்டும். அவளுக்குள் ஏதோ இளகியது.

“வரேங்கண்ணி” என்றாள். “அவகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வரேன். அவளுக்காக கட்டினது.”

“அவதான் வாய தொறக்க மாட்டேங்கிறாளே, என்னாத்த கேப்ப? அவள தொந்தரவே பண்ண வேணாம்.” தனக்கோடியின் முகம் கொஞ்சம் தெளிந்தது. ஜாக்கெட்டுக்குள்ளிருந்து போனை எடுத்தாள். “அதுக்குத்தான் அவனே ஒண்ணு செஞ்சி குடுத்திருக்கான். நேத்து முழுக்க, கையில ஊசி கொழா சொருவியிருக்குது, அதோட செஞ்சான். வலியில பல்ல கடிச்சிகிட்டு. பாரேன், எவ்ளோ லட்சணமா இருக்குது.”

திரையில் ஒரு பெண். சீருடை இல்லை, இரட்டைச் சடை இல்லை. பாவாடை தாவணி, நெற்றியில் விபூதிக்கீற்று, பின்னால் ஒரு கோபுரம். கைகூப்பியிருந்தது. மூலையில் அந்த இலவச ஆப்பின் முத்திரை அழியாமல் கிடந்தது. கண் இரண்டு முறை மூடித் திறந்தது. பிறகு வாய் அசைந்தது.

“கொளஞ்சியப்பா, நான் கனிஷ்கா பேசுறேன். மணி மாமா தெரியாம செஞ்சிட்டாங்க. நான் மனசார மன்னிச்சிட்டேன். எங்கம்மா கட்டின பிராத நாங்க வாபஸ் வாங்கிக்கிறோம். மாமா கால் நல்லாவணும் சாமி.”

அனுசியாவின் உடம்பு முழுவதும் காதாகிவிட்டது. எத்தனை மாதம் ஆயிற்று இந்தக் குரல் இந்தக் கூடத்தில் கேட்டு. ‘எங்கம்மா’ என்றது. அந்த ஒரு சொல் போதும், மற்றதெல்லாம் எதுவாக வேண்டுமானாலும் இருக்கட்டும் என்று மனசு நாய்க்குட்டி மாதிரி அதன் பின்னால் ஓடியது. “இன்னொரு தடவ போடுங்கண்ணி” என்றாள். அப்படிக் கேட்டது அவளுக்கே கூச்சமாக இருந்தது.

தனக்கோடி சந்தோஷமாகப் போட்டாள். “உனக்கும் அனுப்பிடறேன், வச்சிக்க. சாமி முன்னாடி இத போட்டு காட்டிட்டா போதும். அவ குரல்தானே, சாமிக்கு தெரியாதா? நீ கூட நின்னா சரி. எப்பப்ப கேக்கணும்னு தோணுதோ அப்ப போட்டு கேட்டுக்க. என்னா சொல்லணும்னாலும் சொல்ல வச்சி தருவான் மணி. அம்மான்னு கூப்பிட சொன்னாலும் கூப்பிடும்.”

இரண்டாம் முறை கேட்டபோதுதான் அனுசியா அதைக் கவனித்தாள். அந்தக் குரல் மூச்சே வாங்கவில்லை. மன்னிப்பிலிருந்து பிராதுக்கும், பிராதிலிருந்து காலுக்கும், நடுவில் எங்கேயும் நிற்காமல், ஒரு இழுப்பும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போயிற்று. உயிரோடிருக்கிற எதுவும் அப்படிப் பேசாது. போனிலிருந்து கண்ணை எடுத்தாள்.

பின்கதவில் கனிஷ்கா நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. கையில் சோப்பு நுரை முழங்கைக்கு வழிந்துகொண்டிருந்தது. அத்தையைப் பார்க்கவில்லை. போனில் தன் பெயரைச் சொல்லி, தன் குரலில், தான் கொடுக்காத மன்னிப்பைக் கொடுத்துக்கொண்டிருந்த அதையே, பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்த அந்நியரைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடுகள் ஒட்டிக்கிடந்தன.

“வாம்மா கண்ணு” என்றாள் தனக்கோடி. “பாத்தியா, மாமா உனக்காக என்னா செஞ்சிருக்குதுன்னு. நீ பேசக்கூட வேணாம். தலைய ஆட்டினா போதும்.”

கனிஷ்கா தலையை ஆட்டவில்லை. அம்மாவை ஒருமுறை பார்த்தாள். அந்தப் பார்வையில் கெஞ்சலோ கோபமோ இருந்திருந்தால் அனுசியாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் சும்மா பார்த்தாள், என்ன செய்யப்போகிறாய் என்று. பிறகு திரும்பிப் போனாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.

“நேரமாவுது அனுசு. பொடவ எல்லாம் மாத்த வேணாம், இதுவே போதும். முக்குல ஆட்டோ நிக்கிது.”

அனுசியா எழுந்தாள். மணிபாரதிக்கு நாளைக்கு என்ன ஆனாலும், இந்த நிமிஷத்தை ஊரும் உறவும் தன் கணக்கில் எழுதிவிடும் என்று அவளுக்குத் தெரிந்தது. கொளஞ்சிநாதன் வந்து கேட்பான். ஒருவேளை ஆயுசு முழுக்கக் கேட்பான். தானேகூடக் கேட்டுக்கொள்ளக்கூடும், ஏதாவது கல்யாண வீட்டில் அந்தப் பையன் கட்டையை ஊன்றிக்கொண்டு எதிரே வரும்போது. சாமி அலமாரிக்குப் போய்க் குங்குமச் சிமிழைத் தட்டில் வைத்தாள். ஒரு வெற்றிலையும் வைத்தாள். திரும்பி வந்து, தனக்கோடிக்கு எதிரே, குனிந்து நீட்டினாள்.

“எடுத்துக்குங்க அண்ணி.”

“போவும்போது எடுத்துக்கலாம், நீ கெளம்பு மொதல்ல.”

“நான் வரலிங்கண்ணி.”

தனக்கோடி புரியாதவளைப் போல அவள் முகத்தையே பார்த்தாள். போன் இன்னும் அவள் கையில்தான் இருந்தது. “அது அவ பேசினது இல்லிங்க” என்று அனுசியா இன்னும் மெல்லிய குரலில் சொன்னாள். தட்டை இறக்கவில்லை.

தனக்கோடியின் கை எழவில்லை. மின்விசிறிக் காற்றில் சிமிழிலிருந்த குங்குமம் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளம்பி, வெற்றிலை மேலும், தட்டைப் பிடித்திருந்த அனுசியாவின் மணிக்கட்டு மேலும் படிந்துகொண்டிருந்தது.